முப்பதுக்கு முப்பது

குழாய்ச் சாமான் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்பது தெரியும், அதன் பேர்தான் தெரியாது. முழங்கையை மடக்கிக் காட்டி, "இப்படிப் போய் இப்படித் திரும்புமேக்கா" என்பார்கள். ஒருவர் கன்னத்தை உப்பி 'புஸ்ஸ்' என்று சத்தம் கொடுத்து, "இந்தச் சத்தம் வராம இருக்க ஒண்ணு போடுவாங்களாமே" என்பார். கவுண்டரில் நிற்கும் பெண் அவர்களை ஒரு நொடி ஏற இறங்கப் பார்ப்பாள். பிறகு பின்சுவரில் இருக்கும் சின்ன ஜன்னல் பக்கம் திரும்பி, "முக்கால் இஞ்ச் எல்போ ரெண்டு, வாஷர் நாலு!" என்று குரல் கொடுப்பாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருட்டுக் கிடங்கு. நானூற்றுச் சொச்சம் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் கிடங்கு அண்ணன், வாங்க வந்தவர் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. காதில் விழுகிற பேருக்கு உரிய சாமான் ஜன்னல் வழியாக வந்து விழும். இந்தப் பக்கம் முழங்கையும் புஸ்ஸும், அந்தப் பக்கம் சாமான், நடுவில் அவள் சொல்லும் பேர். பதினெட்டு வருஷமாகக் கடை இப்படித்தான் ஓடியது. எல்லாவற்றையும் தலைக்குள் அடுக்கி வைத்திருக்கிறாளே என்று முதலாளி அவளுக்கு அலமாரி என்று பேர் வைத்தார். பேர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரரே சில நேரம் மறந்துபோய் அலமாரி என்று கூப்பிட்டுவிடுவார்.

கவுண்டரை விட்டு இறங்கினால் அலமாரி அதிகம் பேசமாட்டாள். பிறத்தியார் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏழாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகைக்கு முன்னால் வலிப்பு வந்து விழுந்தாள். மறுநாள் ஒருநாள் மட்டும் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். அந்த மறுநாள் முடியவே இல்லை. பிறகு வெள்ளை மாத்திரை வந்தது, கல்யாணம் வந்தது, கடை வந்தது. இருபத்தைந்து வருஷம் வெள்ளை மாத்திரை காவல் காத்தது. போன வருஷம் காவல் கண் அசந்துவிட்டது. கடையிலேயே இரண்டு தடவை விழுந்தாள். இரண்டாவது தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு தையல் போடும்படி ஆயிற்று.

நரம்பு டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். புதியது இளஞ்சிவப்பு. வலிப்பு போன இடம் தெரியவில்லை. கூடவே வேறு சிலவும் போயின. சோடா குடித்தால் நாக்கில் வெறும் தண்ணீராக இருந்தது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. மூன்றாவது வாரம், ஒருவர் வந்து முழங்கையை மடக்கிக் காட்டினார். அவர் கேட்பது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. எந்த வரிசை, எந்தப் பெட்டி, பெட்டியில் எத்தனை மீதி என்பதுகூடத் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை.

"என்னம்மா, குரலைக் காணோம்?" என்றது ஜன்னல்.

"அண்ணே, அது... தண்ணி திரும்புமே..."

"எல்லாத் தண்ணியும் எங்கியாச்சும் திரும்பத்தானேம்மா செய்யும்?"

வேறு வழி தெரியாமல், அலமாரி சுவரைப் பார்த்துத் தன் முழங்கையை மடக்கிக் காட்டினாள்.

மறுபடி போனபோது அவள் தட்டுத்தடுமாறிச் சொன்னதை டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "சில பேருக்கு இந்த மருந்து இப்படிச் செய்யும்மா. வலிப்பைப் பிடிச்சுக் கட்டிப்போடும்போது கூடவே நாலு வார்த்தையையும் சேர்த்துக் கட்டிடும். ஒரு சின்னச் சோதனை வச்சுப் பாப்போம். மூணு மாசம் கழிச்சு மறுபடியும் வைப்போம். அப்பவும் இருபத்தஞ்சுக்குக் கீழேயே இருந்தா மாத்திரையை மாத்திடலாம்."

ஐந்து வார்த்தை சொன்னார். குடை, ஆணி, எலுமிச்சை, பாலம், பச்சை. நினைவில் வைத்திருந்து பிறகு சொல்ல வேண்டும். நடுவில், ஒரு நிமிஷத்தில் முடிந்த மட்டும் மிருகங்களின் பேர்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். கடிகாரம் வரைந்து மூன்றே முக்கால் மணி காட்ட வேண்டும். இன்று என்ன தேதி, என்ன கிழமை. இன்னும் சில. அலமாரி முப்பதுக்குப் பதினேழு வாங்கினாள்.

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

அவர் ட்யூஷன் வாத்தியார். வீட்டின் முன்னறையில் காலையில் இரண்டு பேட்ச், மாலையில் மூன்று பேட்ச். அவரிடம் படித்த யாரும் தோற்றதில்லை. தோற்கிற ஜாடை தெரிந்தால் முன்கூட்டியே வேறு வாத்தியாரிடம் தள்ளிவிடுவார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. டாக்டர் சொன்னதில் மாத்திரை, மாற்றுவது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. பதினேழு மட்டும் ஏறியது.

பஸ்ஸில் கேட்டார். "பதினேழா? என் வீட்டுலயா?"

"அது பரீட்சை இல்லீங்க."

"மார்க் போட்டாங்கல்ல? மார்க் போட்டா பரீட்சைதான்."

"மாத்திரைக்குத்தானே போட்டாங்க."

"பேப்பர்ல யார் பேரு எழுதியிருக்கு? மாத்திரை பேரா?"

அலமாரி பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் தோன்றியிருந்தாலும் வார்த்தை கிடைத்திருக்காது.

அன்று சாயங்காலமே நோட்டுப் போட்டார். முப்பது வருஷப் பழக்கம், மூலையில் உட்கார்ந்தபடியே கேள்வித்தாள் முழுவதையும் மனதில் ஏற்றியிருந்தார். கடைசி பேட்ச் கிளம்பியதும் அலமாரி ஆறாவது பேட்சாக பெஞ்சில் உட்கார்ந்தாள். "மிருகத்தை அலைய விடாதே. நாலு காலு முதல்ல. அப்புறம் ரெண்டு காலு. அப்புறம் காலே இல்லாதது. வரிசையா ஓட்டிக்கிட்டு வா" என்றார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்பதை வாய்ப்பாடாக்கினார். கடிகாரத்தைத் தினமும் இரண்டு பக்கம் வரைய வைத்தார். குடை, ஆணி, எலுமிச்சை, பாலம், பச்சை என்பதைப் பல் தேய்க்கும்போது ஒரு தடவை, பாத்திரம் கழுவும்போது ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை சொல்ல வைத்தார். சாதாரண வார்த்தைகள் தலையில் நிற்காமல் வழுக்கின. இந்த ஐந்து மட்டும் சிமெண்ட் போல இறுகின.

மூன்று மாதம் கழித்து அலமாரி முப்பதுக்கு முப்பது வாங்கினாள். ஒரு நிமிஷத்தில் நாற்பத்தொரு மிருகம். கழுதைப்புலிகூட இருந்தது.

"அடேயப்பா!" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு நல்லா ஒத்துப்போச்சும்மா. அப்ப பயமில்லாம ஏத்தலாம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு இருந்ததை ரெண்டு ரெண்டா ஆக்கிடுவோம். இனி வலிப்பு எட்டிக்கூடப் பாக்காது."

அப்போதே அலமாரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வார்த்தை வராதது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தப் பேப்பர். அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பெரிய மார்க் சுகாதாரப் பாடத்தில், இருபத்தைந்துக்குப் பதினான்கு. முப்பதுக்கு முப்பது என்று சிவப்பு மையில் எழுதிய தாளை டாக்டரம்மா அவள் கையில் கொடுத்தபோது, அது யாரோ ஒருத்தியின் தாள் போலிருந்தது. நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள்.

இரண்டு இரண்டான பிறகு கடையில் நிலைமை கேலிக்கூத்தாயிற்று. பேரைத் தேடி வாயைத் திறந்தால், காலியாக இருக்கும் இடத்தில் சிமெண்ட் போட்ட ஐந்தில் ஒன்று வந்து நின்றது.

"அரை இஞ்ச் எலுமிச்சை ரெண்டு!" என்று ஒருநாள் கூவினாள்.

கிடங்கில் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "எலுமிச்சை ஸ்டாக் இல்லம்மா. எல்போ இருக்கு, பரவாயில்லையா?" என்றது ஜன்னல். இரண்டு எல்போ வந்து விழுந்தன. அவள் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து கிடங்கு அண்ணனுக்கு எல்போ எலுமிச்சை ஆனது. ஷவர் குடை ஆனது. இரண்டு குழாயைச் சேர்க்கும் யூனியன் பாலம். குட்டைக் குழாய்த் துண்டான நிப்பிள் ஆணி. தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வு பச்சை. அவர் சாக்பீஸ் எடுத்துப் பெட்டிகளின் மேலேயே எழுதி வைத்துவிட்டார்.

பிளம்பர்கள் பழகிக்கொண்டார்கள். எல்லா வேலைக்கும் ஓடி வருவதால் அவசரம் என்று பேர் வாங்கிய ஒரு பிளம்பர்தான் முதலில் ஆரம்பித்தார். "அக்கா, நாலு எலுமிச்சை, ஒரு குடை, சீக்கிரம்!" பின்னால் நின்ற, வீடு கட்டுகிற ஒருவர் பதறிப்போய், "பாத்ரூமுக்குக் குடை எதுக்குப்பா?" என்றார்.

"மேலேருந்து தண்ணி கொட்டும்ல சார், அதுக்குத்தான்."

ஆனால் பெட்டிகள் நானூற்றுச் சொச்சம், வார்த்தைகள் ஐந்து. மீதி எல்லாச் சாமானுக்கும் அவள் வாயில் பச்சை என்றே வந்தது. ஓட்டை அடைக்க டேப் கேட்டவருக்குக் கழிப்பறை மூடி போனது. அடுத்த பரீட்சை பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை. வாத்தியார் அதையும் உருப்போட வைத்திருந்ததால், கடையில் அவள் எழுதிய ரசீதுகள் எல்லாம் இன்னும் வராத பத்தொன்பதாம் தேதியைச் சுமந்து வெளியே போயின. யாராவது மணி கேட்டால் மூன்றே முக்கால் என்றாள். காலையில் கடை திறக்கும்போதும் மூன்றே முக்கால்தான்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனாலும் எத்தனை நாள் பொறுப்பார்? "ஏம்மா அலமாரி, வர்ற ஒண்ணாந்தேதியிலேருந்து என் மச்சான் கவுண்டருக்கு வர்றான். கம்ப்யூட்டரோட வர்றான். உன்னைப் போகச் சொல்லல. உள்ள கிடங்குல உக்காந்து ஸ்க்ரூவைச் சைஸ் வாரியாப் பிரிச்சுப் போடு. அதுக்குப் பேச வேண்டியதில்ல பாரு."

பேச வேண்டியதில்லை என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அலமாரிக்கு அது இடி போல விழுந்தது. பள்ளிக்கூடத்திலோ வீட்டிலோ அவள் வாயைத் திறப்பதற்காக யாரும் காத்து நின்றதில்லை. அந்தக் கவுண்டரில் மட்டும்தான் அவள் என்ன சொல்வாள் என்று ஆள் நின்று பார்க்கும்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று ஒருநாள் தோன்றியது. திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், நாக்கில் இருந்த தழும்பும் சொன்னது. ஆக ஒரே வழிதான் இருந்தது. பத்தொன்பதாம் தேதி பரீட்சையில் தோற்க வேண்டும்.

அது அவ்வளவு லேசாக இல்லை. குடை என்று சொல்வதற்குப் பதில் வேறு ஏதாவது சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தாள். தப்பாகச் சொல்வதற்கும் ஒரு வார்த்தை வேண்டுமே. அவளிடம் இருந்ததே அந்த ஐந்துதான்.

பத்தொன்பதாம் தேதி அந்த அறையில் கூட்டமாக இருந்தது. முப்பதுக்கு முப்பது வாங்கியவளைக் காட்டுவதற்காக டாக்டரம்மா இரண்டு சின்ன டாக்டர்களைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். மூலையில் கை கழுவும் தொட்டி ஒழுகியது. அதற்கடியில் தலையை விட்டு யாரோ ஒருவர் படுத்திருந்தார், காலும் செருப்பும் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்ன தேதிம்மா?"

"பத்தொன்பது. வியாழன்." இன்றைக்குப் பார்த்து அது உண்மையாக இருந்தது.

மிருகங்கள் வரிசையாக ஓடி வந்தன. நூறு ஏழேழாகக் கரைந்தது. கடிகாரத்தில் முள்ளை மாற்றிப் போட நினைத்தாள், கை தானாகவே மூன்றே முக்காலுக்குப் போனது. கடைசியில் ஐந்து வார்த்தை. அலமாரி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய உதட்டை இடித்துத் தள்ளிக்கொண்டு அவை வெளியே வந்தன.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டரம்மா சின்ன டாக்டர்களிடம். "இவ்வளவு டோஸ்ல இப்படி ஒரு மார்க் நான் பாத்ததே இல்ல. மூணு மூணா ஏத்தலாம்னு நினைக்கிறேன்."

அலமாரி வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினாள். "டாக்டர், எனக்கு... அது... போயிடுச்சு."

"எதும்மா போச்சு?"

"அதுதான்... வாயில வர்றது... பச்சை."

"பச்சையாவா வாந்தி வருது?"

"பதட்டம் டாக்டர்" என்று வாத்தியார் குறுக்கே வந்தார். "முதல் மார்க் வாங்கறவங்களுக்கு எப்பவும் இருக்கறதுதான்."

அலமாரியின் கண் நிறைந்தது. தனக்கு வார்த்தை வரவில்லை என்று சொல்ல, அந்த 'வார்த்தை' என்ற வார்த்தையே வரவில்லை. டாக்டரம்மா மருந்துச் சீட்டில் பேனாவை வைத்தார்.

அப்போது தொட்டிக்கு அடியில் இருந்தவர் செல்போனில் சத்தமாகப் பேசினார். "அண்ணே, அரை இஞ்ச் எலுமிச்சை ரெண்டு, பாலம் ஒண்ணு, ஆணி மூணு எடுத்து வைங்க, அவசரம். பச்சை வேணாம், நேத்து வாங்கினதே இருக்கு. என்னது, குடையா? வாஷ்பேசினுக்கு எதுக்குண்ணே குடை?"

பேனா நின்றது.

"நீங்க இப்ப என்ன சொன்னீங்க?" என்றார் டாக்டரம்மா செருப்பைப் பார்த்து.

"சாமான் மேடம். இந்தக் குழாய்க்கு."

"அந்த அஞ்சு வார்த்தையும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க லைன்ல எல்லாருக்கும் தெரியும் மேடம்."

டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. ஊரில் இருக்கும் பிளம்பர்கள் எல்லாருக்கும் யார் ஞாபகசக்திச் சோதனை வைக்கிறார்கள் என்று சின்ன டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொட்டிக்கு அடியிலிருந்து அவசரம் ஊர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தார். "அட, அக்கா! நீங்க இங்கதான் இருக்கீங்களா? இவங்கதான் மேடம் எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது. ரெண்டு மாசமா இதுதான் பேரு. பாவம், ஒண்ணாந்தேதியோட இவங்களைக் கவுண்டர்லேருந்து எடுக்கறாங்க. பேரு வாயில வர மாட்டேங்குதாம்."

டாக்டரம்மா அலமாரியைப் பார்த்தார். அலமாரி வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. "நான் பிட் எதுவும் கொடுக்கல டாக்டர். மாதிரி வினாத்தாள் வச்சுப் பயிற்சிதான்."

டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் மூன்றே முக்கால்.

"சார், நான் உங்க மனைவியைச் சோதிக்கல. அந்த மாத்திரையைச் சோதிச்சேன். நீங்க மாத்திரைக்கு ட்யூஷன் எடுத்திருக்கீங்க."

வாத்தியாரை வெளியே அனுப்பினார்கள். டாக்டரம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து வேறு கேள்வித்தாள் எடுத்தார். வேறு ஐந்து வார்த்தை, வேறு மணி, மிருகத்துக்குப் பதில் காய்கறி. இருபது நிமிஷம் ஆனது. முடிந்ததும் தாளை அவள் பக்கம் திருப்பினார். முப்பதுக்குப் பன்னிரண்டு.

அலமாரி அதைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் சிரித்தாள். கதவிடுக்கில், "பன்னிரண்டா!" என்று யாரோ முனகினார்.

"மாத்தலாம்மா" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒண்ணு. இதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, புது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். மூணு மாசம் ஆகும். நடுவுல வலிப்பு வரலாம். வரும்னு சொல்லல, வராதுன்னு சத்தியமும் பண்ண மாட்டேன். முடிவு நீங்க சொல்லணும். அவர் இல்ல, நீங்க."

"மாத்துங்க" என்றாள்.

ஒன்றாம் தேதி அவள் டாக்டர் கடிதத்தோடு கடைக்குப் போனபோது மச்சான் கம்ப்யூட்டருடன் கவுண்டரில் இருந்தான். ஜன்னலைப் பார்த்து, "அரை இஞ்ச் எல்போ ரெண்டு!" என்று நாலாவது தடவையாகக் கத்திக்கொண்டிருந்தான்.

"அந்தப் பேர்ல இங்க ஒண்ணும் இல்ல தம்பி" என்றது ஜன்னல். "பொட்டியில என்ன எழுதியிருக்கோ அதைச் சொல்லு."

முதலாளி கடிதத்தைப் படித்தார், மச்சானைப் பார்த்தார், வாசலில் காத்து நின்ற ஏழு பிளம்பர்களைப் பார்த்தார். "மூணு மாசம். அதுக்குள்ள உனக்குச் சரியாகணும். இல்லாட்டி ஸ்க்ரூதான்" என்றார். மச்சான் ஸ்டூலை நகர்த்தி அவளுக்கு இடம் கொடுத்தான்.

ஐந்தாவது வாரம் வாஷர் திரும்பி வந்தது. எட்டாவது வாரம் ஒரே நாளில் டேப், கிளாம்ப், ரெட்யூசர் மூன்றும் வந்தன. ஒன்பதாவது வாரம் ஒரு மத்தியானம், ரசீது எழுதும்போது பேனா கையிலிருந்து விழுந்தது. அடுத்து அவளுக்குத் தெரிந்தது தரை. ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கடியில் மச்சானின் சட்டை. இதுவரை வெளியே வந்தே இராத கிடங்கு அண்ணன் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்லம்மா, ரெண்டு நிமிஷம்தான், மணி பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமை பஸ்ஸில் வாத்தியார் அவள் காதருகே குனிந்தார். "இந்தா பாரு. அன்னைக்கு விழுந்ததைச் சொல்லாதே. இப்பத்தான் நாலு வார்த்தை வருது. சொன்னா மறுபடி அந்தச் சிவப்பு மாத்திரைக்கே தள்ளிடுவாங்க, உன் கவுண்டரும் போச்சு. எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அலமாரிக்கும் தோன்றியது. அதனால்தான் வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா, கேள்வித்தாளை எடுத்தபடி.

"பேப்பர் அப்புறம்" என்றாள் அலமாரி. "முதல்ல நான் சொல்லிடறேன். சொல்ல நேரமாகும்."

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். டாக்டரம்மா கேள்வித்தாளைக் கீழே வைத்தார்.

"போன வாரம் கடையில விழுந்தேன். ரெண்டு நிமிஷம். நாக்கு கடிக்கல" என்று ஆரம்பித்தாள். நடுவில் ஒரு பேருக்காக நின்றாள். டாக்டரம்மா எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார். வாத்தியார் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்து, டாக்டரம்மாவின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டார். பேர் வந்தது. அதற்கப்புறம் ரசீதைப் பற்றிச் சொன்னாள், காலையில் வருகிற கை உதறலைப் பற்றிச் சொன்னாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிஷம் ஓடியிருந்தது. டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். அலமாரி அப்போதுதான் நாலாவது விஷயத்துக்கு வந்திருந்தாள்.